டுரியானும் செம்பருத்தியும் ஒரே குடும்பமா? பருத்திக் குடும்ப வகைப்பாடு: ஒரு விளக்கம்



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிவம் நான்கு மாணவன் ஒருவன் ‘நமது தேசிய மலர்’ என்ற தலைப்பில் எழுதிய கட்டுரையில், “செம்பருத்தியும் டுரியானும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை” என்று ஒரு வாக்கியம் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. சிவப்புப் பேனாவால் சுழித்து, ஓரத்தில் ‘தவறான கருத்து’ என்று எழுதி, கருத்துக்குரிய புள்ளியிலும் கை வைத்துவிட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று பையன் மேசையருகே வந்து நின்றான். “டீச்சர், இது சரிதான் டீச்சர். தேடிப் படிச்சுட்டுத்தான் எழுதினேன். வெண்டைக்காய்கூட அதே குடும்பம்தான்” என்றான். “முள்ளு டுரியான் எங்க, செம்பருத்தி எங்க? போய் உட்காருப்பா” என்று அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு என்னுடைய பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். செம்பருத்திக்கு ‘மால்வேசியே’ என்றும் டுரியானுக்கு ‘பொம்பாகேசியே’ என்றும் தனித்தனியாகத்தான் எழுதியிருந்தது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். மறுநாள் உயிரியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “உங்க நோட்டு 1998க்கு முந்தினது டீச்சர்” என்றார். பையனைக் கூப்பிட்டுப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சுழிப்பை மட்டும் அழிக்க முடியவில்லை.

தமிழாசிரியருக்குச் செடி வகைப்பாடு எதற்கு என்று கேட்கலாம். நம் பாடத்தில் செடி வராத பக்கம் குறைவு. உவமைத்தொடரில் இலவம் வருகிறது. சங்க இலக்கியத்தில் திணைக்கு ஒரு பூ. மரபுச்சொல்லில் ஓலையும் கீற்றும். கட்டுரையில் தேசிய மலர். ஜாசின், மெர்லிமாவ், புக்கிட் அசாஹான், காடெக் பக்கத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு இவற்றை விளக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. லயத்து வேலியில் செம்பருத்தி, கொல்லையில் வெண்டை, கொஞ்சம் தள்ளி ஓர் இலவ மரம், மேட்டில் யாரோ வைத்த டுரியான் என்று எல்லாம் கண்ணெதிரே நின்றன. இன்று நம் மாணவர்கள் பெரும்பாலும் தாமான் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ‘இலவம்’ என்பது வெறும் சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மரத்தை நிறுத்திக் காட்ட நமக்குக் கிடைக்கும் நல்ல வழிகளில் ஒன்று இந்தக் குடும்பம்.

குடும்பத்தின் பெயர்

தாவரவியல் நூல்கள் மேலிருந்து கீழாகத் திணை, தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று அடுக்கும். உயர்திணை, அஃறிணை என்று நாம் இலக்கணத்தில் நடத்தும் அதே ‘திணை’தான் இங்கே அடுக்கின் உச்சியில் நிற்கிறது. ஓர் எச்சரிக்கை. மாணவர்கள் தமிழில் அறிவியல் தேடும்போது தமிழ்நாட்டு நூல்களும் இலங்கை நூல்களும் கலந்து கிடைக்கும். தமிழ்நாட்டார் ‘பேரினம், சிற்றினம்’ என்பதை இலங்கையார் ‘சாதி, இனம்’ என்பார்கள்; ‘வரிசை’ என்பது அங்கே ‘வருணம்’. இரண்டையும் ஒரே கட்டுரையில் கலந்துவிட்டால் படிப்பவருக்குத் தலை சுற்றும். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எழுதுங்கள். இங்கே நான் தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறேன்.

நாம் பேசும் குடும்பத்துக்கு உலகப் பொதுப்பெயர் மால்வேசியே. மால்வா என்பது ஐரோப்பாவில் வளரும் ஒரு சிறு செடி, நம் துத்திக்கு உறவு. அதனால் ‘துத்திக் குடும்பம்’ என்று சொன்னாலும் பொருந்தும். தமிழில் ‘பருத்திக் குடும்பம்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. காரணம் அடுத்த பகுதியில்.

பெயருக்குள் இருக்கும் வகைப்பாடு

செம்பருத்தி என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். செம்மை + பருத்தி. மை விகுதி கெட்டு, செம் + பருத்தி என்று சேர்ந்த பண்புத்தொகை. இதை வகுப்பில் எத்தனையோ தடவை எழுதிப் போட்டிருப்போம். ஆனால் அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று நின்று கேட்டிருக்கிறோமா? ‘சிவப்பான பருத்தி’ என்கிறது. வேலியில் பூக்கும் ஒரு செடியும் துணிக்குப் பஞ்சு தரும் செடியும் உறவு என்று இந்தப் பெயரை வைத்தவர் கண்டுகொண்டிருக்கிறார். நுண்ணோக்கி இல்லை, மரபணு இல்லை. பூவைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இது ஒரு சொல்லோடு நிற்கவில்லை. கடலோரத்தில் வளரும் மஞ்சள் பூ மரம் ஒன்றுக்கு நீர்ப்பருத்தி என்று பெயர். மலாயில் பாரு என்பார்கள். தாவரவியலில் அது செம்பருத்தியின் பேரினம், ஹைபிஸ்கஸ். வாசனை விதை தரும் செடி கஸ்தூரி வெண்டை. அது உண்மையிலேயே வெண்டையின் பேரினம். உடையில் ஒட்டிக்கொள்ளும் காய் உடையது ஒட்டுத்துத்தி. அடிமரத்தில் முள் இருந்தால் முள்ளிலவு. எல்லாவற்றிலும் அமைப்பு ஒன்றுதான். பின்னால் நிற்கும் பெயர்ச்சொல் ‘யாருடைய இனம்’ என்று காட்டுகிறது. முன்னால் நிற்கும் அடை ‘அந்த இனத்தில் எது’ என்று பிரிக்கிறது. நன்னூல் வழியில் சொன்னால் இனமுள்ள அடை. வெண்தாமரை இருப்பதால் செந்தாமரை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. செஞ்ஞாயிறு அப்படியில்லை, வேறு நிற ஞாயிறு கிடையாது, அது இனமில்லா அடை.

இப்போது லின்னேயஸிடம் வருவோம். சுவீடன் நாட்டு கார்ல் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ என்ற நூலில் ஒவ்வொரு செடிக்கும் இரு சொல் பெயர் கொடுத்தார். செம்பருத்திக்கு ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். லத்தீனில் இனப்பெயர் முன்னால் வரும், அடை பின்னால் வரும். தமிழில் அடை முன்னால், இனப்பெயர் பின்னால். வரிசைதான் மாறியிருக்கிறது, வேலை ஒன்றேதான். படிவம் ஐந்து மாணவர்களிடம் இதைச் சொன்னபோது ‘இரு சொல் பெயரீடு’ என்ற கலைச்சொல் அவர்களுக்கு உடனே பிடிபட்டது. பண்புத்தொகை தெரிந்தவர்களுக்கு அது புதிதே இல்லை.

தமிழ்ப் பெயர் எல்லாம் சரியென்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பூவரசு என்ற பெயரைப் பாருங்கள். இலை அரச இலை போல இதய வடிவில் இருக்கும், ஆனால் அரசில் காணாத பெரிய பூப் பூக்கும். பூக்கின்ற அரசு என்று பொருள் கொள்ளலாம். அரச மரமோ அத்தி, ஆல் இவற்றின் கூட்டம். பூவரசுக்கும் அதற்கும் உறவே இல்லை. லின்னேயஸும் இதே இலையைப் பார்த்துத்தான் ஏமாந்தார், அல்லது ரசித்தார். பாப்லர் மரத்து இலை மாதிரி இருக்கிறதென்று அதற்கு ‘பாப்புல்னியஸ்’ என்ற அடையை வைத்தார். அவர் அதைச் செம்பருத்தியின் பேரினத்தில் சேர்த்தார். பிற்காலத்தார் தெஸ்பீசியா என்று தனிப் பேரினமாக்கினார்கள். இன்றைய கணக்கில் பூவரசு செம்பருத்தியைவிடப் பருத்திக்கு நெருக்கம். ஆக, பருத்தி என்ற பெயரைத் தாங்காத பூவரசு பருத்திக்கு உடன்பிறப்பு. பெயரைத் தாங்கிய செம்பருத்தி ஒன்றுவிட்ட உறவு.

செம்பருத்தி என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. சிவப்புப் பூப் பூக்கும் உண்மையான பருத்தி வகை ஒன்றுக்கும் இந்தப் பெயர் வழங்கியிருக்கிறது. வேலிச் செடிக்குச் செம்பரத்தை என்ற வடிவமும் உண்டு. மலையாளத்தில் செம்பரத்தி. இலங்கையில் செவ்வரத்தை. மாணவர்கள் தேர்வில் செம்பருத்தி என்றே எழுதலாம். நம் பாடநூல் வழக்கு அதுதான். ‘வெள்ளைச் செம்பருத்தி’ என்று ஒரு மாணவி எழுதியதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. சிரிக்க வேண்டியதில்லை. அடை தன் பொருளை இழந்து முழுச்சொல்லும் ஒரு பெயராக உறைந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. லத்தீன் பெயரும் யோக்கியமில்லை. ‘சீனத்து ரோஜா’ என்று அதற்குப் பொருள். அது ரோஜாவே அல்ல.

பூவைப் பிரித்துப் பார்த்தால்

வேலியில் இருந்து ஒரு செம்பருத்தி பறித்து மேசையில் வையுங்கள். அடுக்கு இதழ் வேண்டாம், ஒற்றை இதழ் வகைதான் பாடத்துக்கு ஏற்றது. காம்பிலிருந்து மேலே போனால் முதலில் மெல்லிய பச்சைக் கீற்றுகள் ஒரு வளையமாக நிற்கும். அது புறப்புல்லி வட்டம். அதற்கு மேல் பச்சைக் கிண்ணம் போலப் புல்லி வட்டம். புல்லிக்கு வெளியே இன்னொரு புல்லி மாதிரி இரண்டு அடுக்கு இருப்பது இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கு உள்ள அடையாளம். பிறகு ஐந்து இதழ்கள். மொட்டை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு இதழின் ஓரமும் அடுத்ததன் மேல் ஏறி, குடையை முறுக்கி மடித்த மாதிரி இருக்கும். தாவரவியலார் இதைத் திருகு இதழமைவு என்பார்கள்.

நடுவில் நீண்டு நிற்பதுதான் முக்கியம். மாணவர்கள் அதை ‘மகரந்தக் குச்சி’ என்பார்கள். அது குச்சி இல்லை, குழாய். மகரந்தத்தாள்களின் அடிப்பகுதி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகிவிட்டன. ஒரு சவர அலகால் நீளவாக்கில் மெதுவாகக் கீறினால் (இதை ஆசிரியர் செய்யுங்கள்) உள்ளே மெல்லிய சூலகத்தண்டு ஓடுவது தெரியும். அது குழாயின் வாய் வழியாக வெளியே வந்து ஐந்து சிவந்த குமிழ்களாகப் பிரியும். லின்னேயஸ் இந்த ஒட்டிய தாள்களை வைத்தே ஒரு வகுப்பை உண்டாக்கினார். மொனடெல்ஃபியா என்று பெயர். கிரேக்கத்தில் ‘ஒரே உடன்பிறந்தார் கூட்டம்’ என்று பொருள். எனக்கு இது சங்கப்புலவர் வைத்த பெயர் மாதிரி இருக்கிறது.

இன்னும் இரண்டு அடையாளங்களுக்குக் கண்கூட வேண்டாம், விரல் போதும். ஒன்று வழவழப்பு. வெண்டைக்காயை நறுக்கிய கைக்குத் தெரியும். செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கித் தலைக்குத் தேய்க்கும் வழக்கம் இந்தக் கோழையால் வந்ததே. மற்றொன்று நார். குடும்பத்தில் எந்தச் செடியின் பட்டையை உரித்தாலும் முறியாமல் நீளக் கிழியும். சணல் இந்தக் குடும்பம். கிளந்தானில் புகையிலைக்கு மாற்றாகப் பயிரிடத் தொடங்கிய கெனாஃப் இந்தக் குடும்பம், செம்பருத்தியின் பேரினமே. நீர்ப்பருத்திப் பட்டையில் கயிறு திரிப்பார்கள்.

பஞ்சை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. எருக்கங்காய் வெடித்தாலும் பஞ்சு பறக்கும். எருக்கு வேறு குடும்பம், ஒடித்தால் பால் வரும். வீட்டு முன்னால் மஞ்சளாகப் பூக்கும் அலமண்டாவின் இதழும் திருகித்தான் இருக்கும். அதிலும் பால் வரும். பால் வந்தால் பருத்திக் குடும்பமில்லை. பருத்திக்கும் இலவத்துக்கும்கூடப் பஞ்சு ஒரே இடத்தில் இல்லை. பருத்தியில் அது விதையின் தோலில் முளைக்கும் மயிர். இலவத்தில் காயின் உட்சுவரில் இருந்து வருவது. அதனால்தான் இலவம்பஞ்சில் விதை சுலபமாக உதிர்ந்துவிடுகிறது, பருத்தியில் விதையைப் பிரிக்க எந்திரம் வேண்டியிருக்கிறது.

வெண்டையை லின்னேயஸ் ஹைபிஸ்கஸில்தான் வைத்திருந்தார். பிறகு 1794இல் அது ஏபெல்மோஸ்கஸ் என்ற பேரினத்துக்குப் போனது. காரணம் புல்லி. செம்பருத்தியின் புல்லி கிண்ணமாக நின்றுவிடும். வெண்டைப்பூவின் புல்லி ஒரு பக்கமாகக் கிழிந்து, இதழோடு சேர்ந்து விழுந்துவிடும். கத்தரிக்காய்த் தலையில் இருக்கும் பச்சைத் தொப்பி புல்லி. வெண்டைக்காய்த் தலையில் இருப்பது புல்லி இல்லை, காம்பின் தடித்த நுனி. அதன் கீழ் ஒரு வளையம் தெரியும், அதுதான் புல்லி விழுந்த தழும்பு. சமையலறையில் தினமும் வெட்டி எறிகிற துண்டில் ஒரு பேரின மாற்றத்தின் காரணம் இருக்கிறது.

நான்கு குடும்பம் ஒன்றானது எப்படி

மால்வேசியே என்ற குடும்பத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஜுஸ்யூ 1789இல் வகுத்தார். பின்னால் வந்தவர்கள் நெருங்கிய கூட்டங்களைத் தனித்தனியாக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டில் நம்மில் பலர் படித்த நூல்களில் நான்கு குடும்பங்கள் இருந்தன. செம்பருத்தி, பருத்தி, வெண்டை, துத்தி ஆகியவை மால்வேசியே. இலவமும் டுரியானும் பொம்பாகேசியே. கொக்கோ ஸ்டெர்குலியேசியே. சணல் டிலியேசியே. நான்கும் பக்கத்து வீடுகள் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வேலி எங்கே என்பதில்தான் சண்டை. தாள்கள் ஒரே குழாயா, பல கற்றையா, மகரந்தப்பைக்கு ஓர் அறையா, இரண்டு அறையா என்று ஒவ்வொருவரும் ஒவ்வோர் உறுப்பை அளவுகோலாக எடுத்தார்கள். எந்த வேலி போட்டாலும் சில செடிகள் வேலி மேலேயே உட்கார்ந்திருந்தன.

1990களில் மரபணுவை ஒப்பிடும் முறை வந்தது. இது தமிழாசிரியருக்கு அந்நியமான முறை அல்ல. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டார். ஏடு படியெடுக்கும்போது ஒருவர் ஓர் இடத்தில் ஒரு சொல்லை மாற்றி எழுதிவிட்டால், அவர் பிரதியைப் பார்த்து எழுதியவர்கள் எல்லாரிடமும் அந்தப் பிழை தொடரும். இரண்டு ஊர்ப் பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழைகள் பல இருந்தால், இரண்டுக்கும் மூலப்படி ஒன்று என்று தெரிந்துகொள்ளலாம். சரியான பாடம் ஒத்திருப்பது உறவைக் காட்டாது. அது எல்லாருக்கும் பொது. பிழை ஒத்திருப்பதுதான் சாட்சி. செடியின் பச்சை அணுக்களில் உள்ள பசுங்கணிகத்துக்கும் ஒரு ‘ஏடு’ இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும் அந்த ஏட்டில் நேர்ந்த எழுத்து மாற்றங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

பார்த்தபோது பழைய வேலிகள் நிற்கவில்லை. டுரியானை இலவத்தோடு ஒரே வீட்டில் வைத்திருந்தோம் அல்லவா? இலவம் டுரியானைவிடச் செம்பருத்திக்கு நெருக்கமாக இருந்தது. கொக்கோவோடு ஒன்றாக வைத்திருந்த சில, கொக்கோவுக்குத் தூரமாக இருந்தன. இப்படிக் கலைந்து கிடப்பதை நான்கு குடும்பமாக வைத்திருக்க முடியாதென்று, 1998இல் ஏ.பி.ஜி. என்ற பன்னாட்டு வகைப்பாட்டுக் குழு நான்கையும் மால்வேசியே என்ற ஒரே பெயரில் சேர்த்தது. மறு ஆண்டே அந்தப் பெரிய குடும்பம் 9 துணைக்குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டது. செம்பருத்தி, பருத்தி, வெண்டை, பூவரசு, துத்தி எல்லாம் ஒரு துணைக்குடும்பம். இலவம் அதற்கு அடுத்த வீடு. கொக்கோ, சணல், டுரியான் ஒவ்வொன்றும் தனித்தனி வீட்டில். மொத்தம் சுமார் 240 பேரினங்கள், 4,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள்.

2017இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மூசாங் கிங் டுரியானின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து வெளியிட்டார்கள். சுமார் 46,000 மரபணுக்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட அவர்கள் எடுத்துக்கொண்ட உறவுகள் பருத்தியும் கொக்கோவும்.

எல்லாரும் இதை ஏற்றுக்கொண்டார்களா? உறவை ஏற்றுக்கொண்டார்கள். பெயரை எல்லாரும் ஏற்கவில்லை. 2007இல் வெளிவந்த உலகத் தாவரக் குடும்பங்கள் பற்றிய ஒரு பெருநூல் இதே கூட்டத்தைப் பத்துக் குடும்பங்களாகப் பிரித்தது. அதில் டுரியானுக்குத் தனிக் குடும்பமே உண்டு. பங்காளிகள் யார் யார் என்பது இயற்கை வைத்தது, மாற்ற முடியாது. எத்தனை தலைமுறை வரை ‘ஒரே குடும்பம்’ என்று அழைப்பது என்பது மனிதர் செய்துகொள்ளும் ஏற்பாடு. அதனால் திருத்தும் ஆசிரியர்களிடம் ஒரு கருத்தை வைக்கிறேன். மாணவர் ‘டுரியான் பொம்பாகேசியே’ என்று எழுதினால் புள்ளியைக் குறைக்காதீர்கள். ‘பழைய வகைப்பாடு’ என்று ஓரத்தில் எழுதினால் போதும். ‘மால்வேசியே’ என்று எழுதினால், தயவுசெய்து, நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

மலாக்காக்காரர்களுக்கு ஓர் இணைப்புச் செய்தி. நம் மாநிலப் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் மலாக்கா மரம் நெல்லி. பரமேசுவரா அதன் நிழலில் இளைப்பாறினார் என்பது வரலாற்றுப் பாடத்தில் வரும் கதை. பழைய நூல்களில் நெல்லியும் ரப்பரும் ஒரே குடும்பம், ஆமணக்குக் குடும்பம். டுரியானையும் செம்பருத்தியையும் சேர்த்த அதே ஆய்வு முறை நெல்லியை ரப்பரிடமிருந்து பிரித்துத் தனிக் குடும்பத்தில் வைத்துவிட்டது. என் பாட்டி ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். அவரிடம் இதைச் சொன்னேன். “நெல்லிய கீறினா பால் வராதே, அப்புறம் எப்படி சொந்தம்?” என்றார்.

தேசிய மலர்க் கட்டுரையில் வரும் பிழை

மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ‘செம்பருத்திக்கு ஐந்து இதழ்கள் இருப்பதால், தேசியக் கோட்பாட்டின் ஐந்து கொள்கைகளைக் குறிக்கும் வகையில் அதைத் தேசிய மலராகத் தேர்ந்தெடுத்தனர்’ என்ற வாக்கியத்தை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். காலம் பொருந்தவில்லை. செம்பருத்தி தேசிய மலராக அறிவிக்கப்பட்டது 1960 ஜூலை 28இல், துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராக இருந்தபோது. ருக்குன் நெகாரா எனும் தேசியக் கோட்பாடு அறிவிக்கப்பட்டது 1970 ஆகஸ்டு 31இல். பத்து வருஷம் கழித்து வரப்போகும் ஐந்து கொள்கைகளுக்காக யாரும் பூவைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. ஐந்து இதழ், ஐந்து கொள்கை என்ற ஒப்புமை பிற்காலத்தில் சேர்ந்தது. அது அழகான ஒப்புமைதான், எழுதலாம். ‘ஐந்து இதழ்கள் தேசியக் கோட்பாட்டின் ஐந்து கொள்கைகளைக் குறிப்பதாக இன்று கருதப்படுகிறது’ என்று எழுதினால் சரி. ‘அதனால் தேர்ந்தெடுத்தனர்’ என்று எழுதினால் பிழை. ஒரு வினைச்சொல்தான் வித்தியாசம்.

அப்போது பரிசீலனையில் இருந்தவை செம்பருத்தியோடு சேர்த்து ஏழு மலர்கள். மற்றவை மல்லிகை, தாமரை, ரோஜா, சண்பகம், மகிழம்பூ, கெனாங்கா. இந்த ஆறு பெயரையும் பார்த்தால் எல்லாம் மணமுள்ளவை. வென்றது மணமில்லாத பூ. நம் கட்டுரைகளில் ‘நறுமணம் வீசும் செம்பருத்தி’ என்று எழுதுகிறவர்கள் இதையும் கவனிக்க.

ஐந்து என்ற எண்ணிக்கை செம்பருத்திக்கு மட்டும் உரியதும் அல்ல. குடும்பத்துக்கே ஐந்து பிடிக்கும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பெரும்பாலும் ஐந்து அறை (சில வகைகளில் கூடுதலாக வரும்). கொக்கோக் காயில் விதைகள் ஐந்து வரிசை. இலவங்காய் ஐந்தாக வெடிக்கும். டுரியானை விரித்தால் பெரும்பாலும் ஐந்து அறை. முற்றிக் காய்ந்த வெண்டைக்காய் ஒன்றையும் டுரியான் ஓட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே முறையில்தான் பிளக்கும். ஒவ்வோர் அறையின் முதுகிலும் ஒரு கீறல். டுரியான் விற்பவர் கத்தியை எங்கே செருகுகிறாரோ அங்கேதான் வெண்டைக்காயும் வெடிக்கிறது. செம்பருத்திக் காயைக் காட்டலாமே என்று கேட்கக் கூடாது. நம் வேலிச் செம்பருத்தி அபூர்வமாகத்தான் காய்க்கும். குச்சியை ஒடித்து நட்டே பெருகிய செடி அது. காட்டில் தானாக வளர்ந்ததை யாரும் கண்டதில்லை.

இலக்கியப் பக்கம்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 மலர்களில் நம் குடும்பத்தவை எவை என்று இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் தேடிப் பார்க்கலாம். இலவம் இருக்கிறது. பாரம் இருக்கிறது; பாரம் என்றால் பருத்திப்பூ. செம்பருத்தி இல்லை. அது வெளியிலிருந்து வந்து பிறகு வேலிக்கும் பூசைக்கும் உரியதான செடி.

‘இலவு காத்த கிளி போல’ என்ற உவமைத்தொடருக்குப் பொருள் கேட்டால் ‘ஏமாற்றம்’ என்று எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். சூழல் அமைக்கச் சொன்னால்தான் சரிகிறது. எல்லா ஏமாற்றத்துக்கும் இது பொருந்தாது. இலவங்காய் பச்சையாக, பருமனாக, மாங்காய் போலத் தொங்கும். பழுக்கும் பழுக்கும் என்று கிளி நாள் கணக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காய் பழுப்பதே இல்லை. ஒரு நாள் காய்ந்து வெடித்துப் பஞ்சாய்ப் பறந்துவிடும். ஆகவே நீண்ட நாள் நம்பிக் காத்திருந்து, கடைசியில் கிடைப்பது தான் எதிர்பார்த்த பொருளே அல்ல என்று தெரியும்போதுதான் இந்த உவமை. பேருந்து வராமல் போனதற்கெல்லாம் இதை எழுதாதீர்கள். மரத்தைப் பார்த்த பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்காது. வட்டாரத்தில் பழைய இலவ மரம் நிற்கும் இடம் தெரிந்தால், காய் வெடிக்கும் பருவத்தில் ஒரு படம் எடுத்து வகுப்பில் காட்டுங்கள்.

தொல்காப்பியர் மரபியலில் செய்த பிரிவையும் இங்கே நினைவூட்டலாம். வெளியே வயிரம் உடையது புல், உள்ளே வயிரம் உடையது மரம். தென்னை, பனை, மூங்கில் எல்லாம் புல். அந்தக் கணக்கில் நம் தோட்டத்துச் செம்பனையும் புல்தான். அதற்கு ஓலை, மட்டை, குலை. ரப்பருக்கும் டுரியானுக்கும் இலை, கிளை, காய். மரபுச்சொல் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவரிடம், இது ஒரு வகைப்பாட்டின் விளைவு என்று சொன்னால் பாதிச் சுமை குறையும்.

வகுப்பில் செய்து பார்க்க

மலாக்காவில் இருப்பவர்களுக்கு நல்ல தொடக்கம் வரைபடம். நகரின் நடுவில் ஜாலான் புங்கா ராயா. அலோர் காஜா மாவட்டத்தில் டுரியான் துங்கல், அதாவது ஒற்றை டுரியான். செம்பருத்தித் தெருவுக்கும் டுரியான் ஊருக்கும் என்ன உறவு என்று கேட்டு வகுப்பைத் தொடங்குங்கள். பேச்சு தானாகக் கிளம்பும். டுரியான் என்ற பெயரே மலாயில் ‘டுரி’, அதாவது முள் என்பதிலிருந்து வந்தது. தமிழ்நாட்டார் அதற்கு வைத்த பெயர் முள்நாறி. லத்தீனில் அதன் சிற்றினப் பெயர் சிபெத்தினஸ், புனுகுப்பூனையை ஒட்டியது. ஆக ஒருவர் முள்ளைப் பார்த்தார், ஒருவர் மணத்தை முகர்ந்தார், ஒருவர் இரண்டையும் செய்தார். காரணப்பெயருக்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு வேண்டாம்.

பிறகு பூக்கள். வெண்டைப்பூ காலையில் விரிந்து, வெயில் ஏறிய பின் சுருங்கத் தொடங்கிவிடும். முதல் இரண்டு பாடவேளைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளித் தோட்டத்தில் நாலு வெண்டைச் செடி இருந்தால் போதும். செம்பருத்திக்கும் அதற்கும் குழாயை ஒப்பிடச் சொல்லுங்கள். கடலோரப் பள்ளியாக இருந்தால் பூவரசு அல்லது நீர்ப்பருத்தி கிடைக்கலாம். இரண்டும் மஞ்சள், வாடும்போது சிவப்பு ஏறும். நீர்ப்பருத்தியின் இலையடி வெளுத்து மென்மயிரோடு இருக்கும், பூவரசுக்கு அப்படி இருக்காது.

டுரியான் பூதான் கொஞ்சம் சிரமம். மாலையில் விரியும், இரவில் வௌவால் வரும், விடிவதற்குள் இதழும் தாள்களும் உதிர்ந்துவிடும். வீட்டில் டுரியான் மரம் உள்ள மாணவர் யாராவது இருந்தால், பூக்கும் பருவத்தில் கூட்டிப் பெருக்குவதற்கு முன் மரத்தடியில் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் செம்பருத்தி போல ஒரே குழாயைத் தேடினால் கிடைக்காது. தாள்கள் ஐந்து கட்டாகப் பிரிந்து நிற்கும். இன்னும் விரியாத மொட்டு ஒன்றும் சேர்ந்து விழுந்திருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். புல்லிக்கு வெளியே இன்னோர் உறை மூடியிருப்பதை, செம்பருத்தி மொட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.